ஃபெருஜா நிமிர்ந்து போகும் உயரம்

ஐத் ஸெல்மாத் என்ற மலையூரின் ஆண்கள் அத்தனை பேரும் ஃபெருஜாவின் வாய்க்குப் பயந்தார்கள். இத்தனைக்கும் அவள் பேசி ஒருவர்கூட நேரில் கேட்டதில்லை. புருஷன் போன பிறகு அவள் கொழுந்தன் ஷபானின் வீட்டில் இருந்தாள். அங்கே பார்லி அரைப்பாள், எண்ணெய் ஜாடி துடைப்பாள், சொன்னதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். பேச்சு முழுவதையும் சேர்த்துவைத்து ஊற்றில் போய்க் கொட்டுவாள். காலையில் அங்கே அவள் யாரைப் பற்றி என்ன சொன்னாளோ, பொழுது சாய்வதற்குள் அது பெண்டாட்டிமார் வழியாகச் சம்பந்தப்பட்டவன் காதுக்கு வந்துவிடும். ஊர்த்தலைவர் ஷபானுக்கே 'முட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர்' என்ற பெயர் அப்படிக் கிடைத்ததுதான். யார் வைத்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கேட்க முடியாது. ஊற்றில் பேசியது ஆண்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தாலும் தெரிந்த மாதிரி இருக்கக் கூடாது.

ஊற்றுப் பாதை பெண்களுடையது. அதில் ஆம்பிளை கால் வைத்தால் ஊர்ச்சபை தண்டம் போடும். தெரியாமல் வைத்தாலும் தண்டம், ஓடிப்போன ஆட்டைத் துரத்திக்கொண்டு போனாலும் தண்டம். ஆட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஃபெருஜாவுக்கு அந்தப் பாதை பேச்சுக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய ஒரே மகள் ஜொஹ்ராவை மேலத்தெரு ஹெம்முவின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாணம் முடிந்து கைமருதாணி அழிவதற்குள் தலைவர் பதவிக்காக மேலத்தெருவும் கீழத்தெருவும் அடித்துக்கொண்டன. ஷபான் ஜெயித்தார், ஹெம்முவுக்கு ஒரு பல் போயிற்று. அதோடு இரண்டு தெருவுக்கும் போக்குவரத்து நின்றது. சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று ஷபான் சொல்லிவிட்டார். அங்கே ஹெம்முவும் அதையே சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை! ஆக, தாய்க்கும் மகளுக்கும் மிஞ்சியது ஊற்றுதான். காலையில் குடம் நிறைகிற நேரம் அவர்களுடைய நேரம். குடம் நிறைந்த பிறகும் அது இன்னும் நிறையவில்லை என்று இரண்டு பேரும் நடிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாட்டைப் பிடித்து ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மலைமேல் குதிரை வண்டிச் சாலை போட வந்தார்கள். அவர்களுடைய கோட்டையிலிருந்து கணவாய் வரைக்கும் சாரட்டு வண்டி குலுங்காமல் போக வேண்டுமாம். வழி பார்த்துச் செலவுக்கு எஸ்டிமேட் போட வந்தவர் கரிக் என்ற துரை, அவர்கள் பாஷையில் முசியே. சிவந்த மூக்கு, நல்ல மனுஷன், எதைப் பார்த்தாலும் அதன் விலையைக் கேட்பார். அவருக்கு மொழிபெயர்க்க அடுத்த மலையிலிருந்து பூஜமா என்ற வாலிபன் வந்தான். செருப்பில்லாத ஊரில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்ததால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சாலைக்கு நல்ல சரிவு வேண்டுமென்றால் மலை விட்ட இடத்தில்தான் போக முடியும். மலை விட்ட இடம் சரியாக ஊற்றுப் பாதை. முசியேயின் ஆள் அளவுக்கோலைத் தூக்கிக்கொண்டு அதில் ஓர் அடி எடுத்து வைத்தான். மறு நிமிஷம் ஊர்ச்சபை கூடி அவனுக்குத் தண்டம் போட்டது. முசியே ஷபானின் வீட்டுக்கே வந்து குதித்தார். ஷபான் அசரவில்லை.

"சாலை போடட்டும், வேண்டாம்னா சொன்னோம்? ஆனா அந்தப் பாதையில ஆம்பிளை நடக்கக் கூடாது."

"அப்ப கோல யாரு புடிக்கிறது? ஆடா?" என்றான் பூஜமா.

ஷபான் தாடியைத் தடவினார். "எங்கண்ணி இருக்கு. புருஷன் செத்தவ, வயசானவ. அது புடிக்கும்."

வயசாம்! ஃபெருஜாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வந்த வேலையை விடவில்லை. அந்த ஆம்பிளைக்கு என்ன கூலியோ அதே கூலி, ஒரு சல்லி குறையக் கூடாது என்று ஷபானின் பெண்டாட்டி மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

உச்சிவேளையில், பெண்கள் ஊற்றுக்கு வராத நேரத்தில் அளவு நடந்தது. முசியே ஊற்றுப் பக்கத்து ஓடைக்கு அந்தக் கரையில், அளவு பார்க்கிற மூன்று கால் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். ஃபெருஜா இந்தக் கரையில் கோலைப் பிடித்தாள். எவளாவது தப்பித்தவறி வந்தால் குழாயை மூடுவதற்காக ஷபான் தன் கம்பளி அங்கியை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பூஜமா சும்மா இருக்காமல் இக்கரைக்குக் குரல் கொடுத்தான். "அக்கா, ஒண்ணு தெரியுமா? இந்தக் குழாயில பாத்தா எல்லாம் தலைகீழாத் தெரியும்!"

"என்னது?"

"தலை கீழ, கால் மேல!"

ஃபெருஜா கோலைக் கீழே போட்டுவிட்டுப் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைய அளவு அதோடு முடிந்தது. மறுநாள் பாவாடையின் கீழ்விளிம்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தத்தித் தத்திப் போய்க் கோலைப் பிடித்தாள். இந்தத் தலைகீழ் விவகாரத்தை ஊற்றில் அவள் சொன்னபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு குடம் உடைந்தது.

கோல் பிடித்த மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. தான் பிடிக்கிற இடம் ஒவ்வொன்றிலும் முசியே ஒரு முளை அடிக்கச் சொல்கிறார். முளைகள் பாதையிலேயே வரிசையாகப் போய் ஊற்றில் முட்டி நிற்கின்றன.

"டேய் பூஜமா, இங்க எதுக்குடா முளை?"

"சாலை இதுலதான் போகுது, அக்கா. ஊற்றுல குதிரைக்குத் தண்ணித் தொட்டி கட்டப் போறாங்க. முசியேக்கு அதுல ரொம்ப சந்தோஷம்."

"அப்ப நாங்க?"

"கீழத்தெரு ஆத்துக்குப் போகட்டும், மேலத்தெரு மலைக்குப் பின்னாடி இருக்கற சின்ன ஊற்றுக்குப் போகட்டும்னு உங்க தலைவரு சொல்லிட்டாரே."

ஆறு ஒரு பக்கம், சின்ன ஊற்று மறுபக்கம். ஒரே ஊருக்குள் மகளை வைத்துக்கொண்டு சாகிறவரை முகம் பார்க்காமல் இருக்க வேண்டியதுதான். முதல் தடவையாக வீட்டில் ஷபானிடமே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "தண்ணி எங்க இருந்தா என்ன அண்ணி, நனைக்குதில்ல?" என்று அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

அதனால் அவள் தன்னால் முடிந்த திருட்டுத்தனத்தைச் செய்தாள். மறுநாள் முசியே சரிபார்க்க எல்லாவற்றையும் முதல் முளையிலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கியதும், கோலைத் தரையில் வைக்காமல் தன் பாதத்தின்மேல் வைத்தாள். அளவு பிசகினால் இந்த வழி சரிப்படாது என்று முசியே போய்விடுவார் என்பது கணக்கு. எடை தாங்காமல் விரல்கள் வீங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முளை விடாமல் எல்லா இடத்திலும் அப்படியே பிடித்தாள்.

கடைசி நாள் பூஜமா அவள் காலைப் பார்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, எல்லா இடத்துலயும் கால்மேலயா வெச்ச?"

"எல்லா இடத்துலயும். ஒண்ணு விடல."

"ஒண்ணு ரெண்டு விட்டிருந்தாலாவது குழப்பம் வந்திருக்கும்! எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தூக்கினா மலையே ஒரு சாண் வளர்ந்த மாதிரிதான். சாலைக்கு அதுல என்ன கஷ்டம்? திருடறதுலகூட இப்படி நேர்மையா இருந்தா உருப்படுவியா?"

ஃபெருஜாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நொண்டிக்கொண்டே கோலைத் திருப்பிக் கொடுக்க ஊர்ச்சபைக் கட்டடத்துக்குப் போனாள்.

உள்ளே எஸ்டிமேட் நடந்துகொண்டிருந்தது. முசியே காகிதத்தை விரித்து ஒவ்வொன்றாக விலை கேட்டார். கல் என்ன விலை, சுண்ணாம்பு என்ன விலை, கூலிக்காரன் தங்க இடம் என்ன வாடகை. ஷபான் ஒவ்வொரு விலையையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். திறந்துகொண்டு சொல்லக் கூசியிருக்க வேண்டும். ஊர் ஆண்கள் சுவரோரமாக உட்கார்ந்து உலர்ந்த அத்திப்பழம் மென்றபடி தலையாட்டினார்கள்.

கடைசியாகச் சாந்து குழைக்கத் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று முசியே கேட்டார். ஷபான் இப்போது கண்ணைத் திறந்து பெரிய மனதோடு கையை விரித்தார். "தண்ணிக்குக் காசா? எங்க பொம்பளைங்க கொண்டாந்து ஊத்திடுவாங்க. ஊற்று அங்கதானே இருக்கு."

வாசலில் ஃபெருஜா சிரித்தாள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஊர்ச்சபை வாசலில் ஒரு பெண் சிரித்து அந்த ஆண்கள் கேட்டதே இல்லை. மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

"எந்த வழியா கொண்டாருவாங்க, கொழுந்தனாரே?" என்றாள். "கோல் புடிக்கிறவன் ஒத்தக் கால் வெச்சதுக்குத் தண்டம் போட்டீங்க. நாளைக்கு அந்தப் பாதையில நாப்பது ஆம்பிளை மம்முட்டியோட நிக்கப் போறான். அவனுங்க நடுவுல உங்க பெண்டாட்டி குடம் தூக்கிட்டு நடப்பாளா? நீங்க அனுப்புவீங்களா? முதல் குடம் உங்க வீட்டுலேர்ந்து வரட்டும், ரெண்டாவது குடம் நான் கொண்டாரேன்."

ஷபான் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. யாரும் அனுப்ப மாட்டார்கள். அவரும் அனுப்ப மாட்டார்.

பூஜமா மொழிபெயர்த்ததும் முசியே பென்சிலை நாக்கில் தொட்டு, ஆற்றிலிருந்து கோவேறு கழுதையில் தண்ணீர் ஏற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நிறைந்ததும் காகிதத்தைத் திருப்பினார். மறுபக்கமும் நிறைந்தபோது அவருடைய மூக்கு இன்னும் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வரைபடத்தில் சாலைக்குப் போட்ட கோட்டை அழித்து ஊற்றுக்கு மேலே புதுசாகப் போட்டார். மேலே போனால் பாறை கொஞ்சம் உடைக்க வேண்டும். ஆனாலும் கழுதைத் தண்ணீரைவிட அது மலிவு. ஊற்றுப் பாதை பிழைத்தது, தண்ணீரும் அங்கிருந்தே கிடைக்கும். பெண்கள் கொண்டுபோய் மேட்டில் ஒரு தொட்டியில் ஊற்றிவிட்டால் ஆண்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அன்று மாலை ஃபெருஜா ராணி மாதிரி நடந்தாள். நொண்டிக்கொண்டுதான். மறுநாள் காலையில் ஊற்றில் ஜொஹ்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா செஞ்ச போ, யெம்மா."

"ஏன்டீ, என்ன?"

"இப்ப சாலை எங்க தெருவுக்கும் ஊற்றுக்கும் நடுவுல போகுது. குதிரைக்காரன் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்க, எங்க வீட்டுப் பொம்பளை எவளும் சாலையத் தாண்ட வேண்டாம்னு மாமனார் நேத்தே சொல்லிட்டாரு. மலைக்குப் பின்னாடி இருக்கற சின்ன ஊற்று போதுமாம்."

ஃபெருஜா அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஃபெருஜா நிரம்பிய குடத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு நேரே ஓடைக்கு ஏறினாள்.

மேலத்தெருவிலிருந்து ஊற்றுக்கு இறங்குகிற ஓடை அது. சாலை அதைக் கடக்கிற இடத்தில் மழைத்தண்ணீர் போக ஒரு சின்ன வாய் வைப்பதாக முசியே குறித்திருந்தார். எதிர்க்கரையில் அவரும் பூஜமாவும் நின்றார்கள். ஃபெருஜா ஓடை நடுவில் குடத்தோடு நின்று கத்தினாள்.

"டேய் பூஜமா! முசியேகிட்ட கேளு. தண்ணி போறதுக்குச் சாலைக்கடியில வாசல் வெக்கிறாரே, தண்ணி தூக்கிட்டுப் போறவளும் அதுலயே போனா என்ன? கொஞ்சம் உசரமா வெச்சா அவரு சொத்தா போயிடும்?"

பூஜமா பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். கையை மலை உச்சிக்கு நீட்டினான், உருட்டுகிற மாதிரி காட்டினான், இடிந்து விழுகிற மாதிரி காட்டினான்.

"நான் சொன்னது இத்துனூண்டு. நீ இவ்வளவு நேரம் என்னடா பேசின?"

"வெள்ளத்தப் பத்தி பேசினேன், அக்கா. பொம்பளைக்குன்னு சொன்னா எஸ்டிமேட்ல ஏறாது. வெள்ளத்துக்குன்னு சொன்னா ஏறும்."

முசியே ஒன்றும் முட்டாள் இல்லை. குடத்தைப் பார்த்தார், பூஜமாவைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தபடி குழாயில் கண்ணை வைத்து, பூஜமாவிடம் கோலை வாங்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும்படி அவளுக்குக் கைகாட்டினார். ஃபெருஜா குடத்தோடு நெட்டையாக நிமிர்ந்து நின்றாள். முதுகில் குடத்தின் கழுத்து எங்கே முடிகிறதோ அந்த உயரத்தைப் படித்து, அதற்குமேல் ஒரு கை சேர்த்து, 'சிறுபாலம், வெள்ளத்துக்காக' என்று எழுதிக்கொண்டார். இந்த முறை அவள் கோலைத் தரையில்தான் வைத்திருந்தாள்.

எஸ்டிமேட் கடலோர நகரத்துக்குப் போய், பனி உருகிய பிறகு திரும்பி வந்தது. அங்கே ஏதோ ஒரு மேசையில் யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையால் சிறுபாலத்தின் உயரத்தைப் பாதியாக்கியிருந்தான். மலையைப் பார்க்காதவனுக்கு வெள்ளமே பாதியாகத்தான் தெரிந்திருக்கும். முசியே அந்தச் சிவப்பு மையை ஃபெருஜாவிடம் காட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

வேலை ஆரம்பித்தது. பக்கச் சுவர்கள் எழும்பின, மேலே வளைவு மூடியது. ஃபெருஜா போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. குடத்தோடு அதில் நுழைய வேண்டுமென்றால் தவழ வேண்டும், தவழ்ந்தால் குடம் நிற்காது. அடுத்த வாரத்திலிருந்து மேலத்தெருப் பெண்கள் ஊற்றுக்கு வருவதை நிறுத்தினார்கள்.

ஆலிவ் பூத்துக் கொட்டியது, அத்தி பழுத்தது. ஃபெருஜா காலையில் ஊற்றுக்கு வருவாள், நிரப்புவாள், போவாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் கிண்டிப் பார்த்தார்கள், முசியேயின் மூக்கைப் பற்றிக் கேட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ஓடைப் பக்கம் பார்த்தபடியே குடத்தைத் தூக்குவாள். ஒருநாள் மேட்டில் ஒரு மஞ்சள் தலைத்துணி தெரிந்தது. ஜொஹ்ராவாக இருக்கும் என்று கையை ஆட்டினாள். வேறு யாரோ.

கோடை முற்றியதும் பின்னாடி ஊற்று வற்றியது. மேலத்தெரு ஆண்கள் ஆற்றிலிருந்து கழுதையில் தண்ணீர் ஏற்றினார்கள். ஹெம்மு தன் கழுதையைவிட அதிகமாகக் கனைத்துக்கொண்டு மேடு ஏறுவதை ஃபெருஜா பார்த்தாள். அன்று அவள் ஊற்றுக்குப் போகவில்லை. வீட்டில், சாப்பிட உட்கார்ந்த ஷபானுக்கு எதிரில் போய் நின்றாள்.

"கொழுந்தனாரே, உங்களுக்கெல்லாம் சர்க்கார் விதிச்ச சாலை வேலை நாள் இன்னும் பாக்கி இருக்கில்ல?"

"ஆளுக்கு மூணு நாள் இருக்கு. காசில்லாத வேலை. அதப்பத்தி உனக்கென்ன?"

"எஸ்டிமேட்டுல மேலேர்ந்து வெட்டினானே, கீழேர்ந்து தோண்டக் கூடாதுன்னு எழுதியிருக்கானா?"

ஷபான் கையிலெடுத்த கூஸ்கூஸ் உருண்டை பாதி வழியில் நின்றது.

"மண்ண அள்ளிப் போட்டா வாசல் தானா உசரும். சிவப்பு மை வேண்டாம், காசு வேண்டாம். உங்க பாக்கி நாளும் கழியும். என் பொண்ணப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க சண்டைக்கு நானா பல்லு ஒடச்சேன்?"

ஷபான் உருண்டையைத் தட்டில் வைத்தார். அவருக்கும் மகள்கள் உண்டு. "முசியே ஒத்துக்கணுமே" என்றார், மெதுவாக.

முசியே ஓடையைப் பார்க்காமல் எதிரிலிருந்த மலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். பூஜமா கொண்டுவந்தான்: "ஓடைய வெள்ளம் எவ்வளவு ஆழம் அரிச்சுதுன்னு எழுத அவரு கணக்குல இடமில்லையாம். சுவரு பாறை மேல நிக்குது. பாறை தட்டற வரைக்கும் தாராளமா அரிக்கலாமாம். பாறையத் தொட்டா தோலை உரிச்சுடுவாராம்."

தோண்ட இரண்டு தெருவும் வந்தன. கழுதைத் தண்ணீர் குடித்துச் சலித்த ஹெம்மு முதல் ஆளாகக் கடப்பாரையோடு நின்றார். ஆனால் கீழத்தெருக்காரனோடு ஒரு வார்த்தை பேசுவாரா? மேலத்தெரு மேல்முனையிலிருந்து தோண்டியது, கீழத்தெரு கீழ்முனையிலிருந்து தோண்டியது. எவ்வளவு ஆழம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் மானம் போய்விடும். நடுவில் சந்தித்தபோது கீழத்தெருப் பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது.

"நீங்க அதிகமாத் தோண்டிட்டீங்க" என்றார் ஹெம்மு, வளைவைப் பார்த்து.

"சோம்பேறிங்க கொறச்சலாத் தோண்டினா அப்படித்தான் தெரியும்" என்றார் ஷபான், கடப்பாரையைப் பார்த்து.

வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் படிக்காகவே கத்தினார்கள். விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. படி அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஃபெருஜா கீழ்முனையிலிருந்து உள்ளே நுழைந்தாள். தலை தட்டவில்லை. குடம் தட்டவில்லை. உள்ளே இருட்டு, புது மண் வாசனை. நடுவில் படியருகே போய் நின்றுகொண்டாள். மேல்முனையில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக இறங்குவது தெரிந்தது. முன்னால் வந்தவள் முதுகில் குடத்தோடு நிமிர்ந்தே நடந்து வந்தாள். நடையைப் பார்த்ததுமே ஃபெருஜா கத்தினாள்.

"அங்கயே நில்லு! பாத்து, படி இருக்கு. உன் மாமனாரு வெச்சது."

ஜொஹ்ரா இருட்டில் கையை நீட்டினாள். ஃபெருஜா பிடித்துக்கொண்டாள்.

"கை ஏன்டீ இப்படி எலும்பா இருக்கு? அந்த வீட்டுல ரொட்டி போடறாங்களா இல்லையா?"

"போடறாங்க, யெம்மா. கைய விடு, குடம் சாயுது."

ஃபெருஜா விடவில்லை. மகளும் இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற பெண்கள் தாயும் மகளும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதாகக் கூச்சல் போட்டார்கள். ஃபெருஜாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை. அப்போது தலைக்குமேல் கடகடவென்று சத்தம் கேட்டு, வளைவிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் இருவர் மேலும் உதிர்ந்தது.

"என்னடீ அது?"

"வண்டி போகுது, யெம்மா."

"போனாப் போகட்டும். நீ சொல்லு."